எல்லைச் சாலையும் முகப்பு விளக்கும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் நெய்யாற்றின்கரை வரும். அதற்கப்பால் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். பின்னர் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் பலர், திருமணத்திற்கோ துக்கத்திற்கோ திருவிழாவிற்கோ ஊர் திரும்புங்கால், இச்சாலையைப் பெரும்பாலும் இரவிலேயே காண்கின்றனர். வாழைத் தோட்டமும் மரவள்ளியும் ரப்பர் மரங்களும் அப்போது இருளில் மறைந்துவிடுகின்றன. வண்டியின் முகப்பு விளக்கு காட்டுகின்ற ஒரு துண்டுச் சாலை மட்டுமே கண்ணுக்குப் புலனாகிறது.

அத்துண்டின் நீளம் அற்பமான செய்தியன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, காலை பிரேக்கின்மேல் கொண்டு செல்வதற்குள்ளேயே ஒரு வினாடிக்கு மேல் கழிந்துவிடும். ஆகவே, இரவுப் பயணத்தில் நம் உயிரும் எதிரே வருபவரின் உயிரும் கட்டைவிரல் அளவேயுள்ள ஒரு மின்சார பல்பைச் சார்ந்து நிற்கின்றன. அந்தப் பல்பின் வரலாற்றையும், அதனைத் தேர்ந்து பொருத்தும் முறையையும் இவ்வெல்லைச் சாலையை முன்வைத்து இங்கே ஆராய்வோம்.

மோட்டார் வருவதற்கு முன்பு, இப்பகுதியில் இரவு நடைக்குத் துணையாக இருந்தது ஓலைச் சூட்டு. உலர்ந்த தென்னோலையை இறுகக் கட்டி, நுனியில் தீயிட்டு, வீசி வீசி அதனை எரிய விட்டுக்கொண்டு நடப்பார்கள். எதிரே ஆள் வரும் அரவம் கேட்டால் சூட்டைத் தாழ்த்திப் பிடிப்பது மரியாதை என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வில்வண்டிகளும் பார வண்டிகளும் அடியிலே ராந்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு சென்றன. மாட்டின் நடைக்கு ராந்தலின் ஒளி போதுமானது. மோட்டாரின் வேகத்திற்கு அது போதாமற்போயிற்று.

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் கார்பைடு விளக்கே பெரிதும் வழங்கியது. கால்சியம் கார்பைடு என்னும் கல்லின்மீது தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, அசிட்டிலீன் என்னும் வாயு பிறக்கும். அதனைக் குழாய் வழியே கொணர்ந்து தீக்குச்சியால் ஏற்றினால் வெண்மையான சுடர் எழும். அதனை ஏற்றுவதற்கு ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். மழையும் காற்றும் அவருக்குப் பகை. 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் மின்சாரத்தால் இயந்திரத்தைக் கிளப்பும் முறையையும் மின் விளக்கையும் ஒருங்கே அமைத்துத் தன் கார்களை விற்றது. 1915இல் போர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘டி’ மாதிரிக் காரும் மின்சார முகப்பு விளக்கைப் பெற்றது. அதன்பின் கார்பைடு விளக்கு படிப்படியாக மறைந்தது.

நம் எல்லைச் சாலையின் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டு 1938. அந்த ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் பணியை மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். இலண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்ட்டர் என்பார் அதன் மேற்பார்வையாளர். இங்கிலாந்திலிருந்து அடிச்சட்டங்களைத் தருவித்து, உடற்பகுதியை உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டே கட்டினர். அரசு முதலில் ஏற்று நடத்திய வழித்தடம் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி. அதாவது, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் ஊடுருவிச் செல்லும் இதே சாலை. திருவனந்தபுரத்தின் தம்பானூருக்கு இரயில் 1931இலேயே வந்துவிட்டது. ஆனால் பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இரயில் ஓடியது 1979இல்தான். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் இவ்வூர்களுக்கு உறவையும் சரக்கையும் கடிதத்தையும் கொணர்ந்தது சாலை ஒன்றே. வெளிநாட்டிலிருந்தோ வெளி மாகாணத்திலிருந்தோ திரும்பும் மகனுக்காக வாசலில் காத்திருந்த தாய்மார், தொலைவில் தென்னைகளுக்கிடையே அசையும் முகப்பு விளக்கைக் கண்டே மகன் வரவை அறிந்தனர்.

மின் விளக்கு வந்தவுடன் ஒரு புதிய இடர் தோன்றியது. சூட்டைத் தாழ்த்திப் பிடிக்கக் கை உண்டு. காரின் விளக்கை எவ்வாறு தாழ்த்துவது? 1920களின் நடுவில் ஜெர்மனியின் ஆஸ்ராம் நிறுவனம் ஒரே பல்பினுள் இரண்டு இழைகளை வைத்து இதற்கு விடை கண்டது. ஓர் இழை தொலைவைக் காட்டும். மற்றொன்று ஒளியைத் தாழ்த்தி அருகே வீழ்த்தும். நம் ஓட்டுநர்கள் ‘பிரைட்’ என்றும் ‘டிம்’ என்றும் சொல்வது இவ்விரண்டையுமே. பின்னாளில் வந்த அம்பாசிடர் காரில் இவற்றை மாற்றும் பித்தான் காலடியில் இருந்தது. இடக்காலால் மிதித்தால் ஒளி தாழும். 

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தமிழ்ப் பகுதிகளும் சேர வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்தது. ஆயினும் அத்தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு குடும்பங்களுக்கிடையே வீழ்ந்தது. சாலையோ ஒன்றாகவே இருந்தது. எல்லையை ஒட்டிச் சோதனைச் சாவடிகள் எழுந்தன. அமரவிளையில் சரக்கு லாரிகள் வணிகவரிச் சோதனைக்காக இரவெல்லாம் வரிசையில் நின்ற காட்சியை நம்மில் பலர் கண்டிருப்பர். 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சாவடிகள் நீங்கின. லாரிகள் நில்லாமல் ஓடத் தொடங்கின. ஆதலால் எதிரெதிர் விளக்குகள் சந்திக்கும் தருணங்களும் மிகுந்தன.

அந்நாளைய அம்பாசிடர், பியட் கார்களில் இருந்த பல்புகள் சாதாரணக் கண்ணாடிக் குமிழுக்குள் டங்ஸ்டன் இழை கொண்டவை. அவ்வகையில் பரவலாக வழங்கியது 12 வோல்ட்டில் 45/40 வாட் பல்பு. எரிய எரிய டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கரியெனப் படியும், இழை மெலியும், ஒளி மங்கும். இக்குறையைத் தீர்த்தது ஹாலஜன் பல்பு. அயோடின் அல்லது புரோமின் போன்ற தனிமங்களைச் சிறிதளவு உள்ளே அடைத்தால், ஆவியான டங்ஸ்டன் அவற்றுடன் கூடி, மீண்டும் சூடான இழையின் அருகே வந்து அங்கேயே படிகிறது. கண்ணாடி கறுப்பதில்லை; இழையை மேலும் சூடாக்கி மிகுந்த ஒளியைப் பெறவும் முடிகிறது. அவ்வெப்பத்தைத் தாங்குவதற்காகக் குமிழ் குவார்ட்சினால் செய்யப்பட்டது. 1962இல் ஐரோப்பாவில் ஓரிழை ஹாலஜன் பல்பு கார்களுக்கு வந்தது. 1971இல் ஈரிழை கொண்ட எச்-4 வந்தது. இன்றும் நம் சாலைகளில் ஓடும் கார்கள் பலவற்றில் இருப்பது அந்த எச்-4 பல்பே.

இனி, இவ்வுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் வாழும் வெளிமாநில நகரத்தில், கார் பல்பு ஒன்று அணைந்துபோகவே ஒரு கடைக்குச் சென்றோம். “பழைய மஞ்சள் வெளிச்சம் எதற்கு? இது பகல்போல எரியும்” என்று சொல்லி, ஹாலஜன் பல்பு இருந்த இடத்தில் வெண்ணிற எல்.இ.டி. பல்புகளைக் கடைக்காரர் பொருத்தினார். பொருத்தியவுடன் சுவரெல்லாம் வெளுத்தது, நாமும் மகிழ்ந்தோம். தெருவிளக்குகள் நிறைந்த நகரில் அதன் குறை தெரியவில்லை. 

அவ்வாண்டு ஒரு திருமணத்திற்காக ஊருக்குக் காரில் வந்தோம். பாறசாலைக்கு அருகே இரவு ஒன்பது மணி, மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வருவதைக் கண்டு விளக்கை முன்னதாகவே தாழ்த்தினோம். அப்படியிருந்தும் அவர் ஒரு கையால் கண்ணை மறைத்தார், வண்டி தடுமாறியது, சாலையோர ஓடையில் வீழ்ந்தார். ஓடிச் சென்று தூக்கினோம். முன்கை எலும்பு முறிந்திருந்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் அவர் நம்மை வையவில்லை. “வண்டியும் தெரியல, ரோடும் தெரியல, வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சு” என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் தைத்து நிற்கிறது.

மறுநாள் காலை, எல்லையோரத்தில் பழைய பட்டறை ஒன்றில் காரைக் காட்டினோம். முதிய மெக்கானிக் விளக்கை ஏற்றிச் சுவரில் விழுந்த ஒளியைப் பார்த்தார். “வெளிச்சம் கூடுனா மட்டும் போதுமா சார்? அது எங்க போய் விழுதுன்னு பாக்கணும்லா?” என்றார். பின்னர் ஒரு பழைய எச்-4 பல்பைக் கையிலெடுத்து விளக்கினார். அன்று கேட்டதையும் அதன்பின் கற்றதையும் ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

முகப்பு விளக்கின் உள்ளே, ஓட்டுநர்கள் ‘டூம்’ என்று சொல்லும் கிண்ணத்தின் பளபளப்பான வளைந்த பரப்பு இருக்கிறது. அதன் குவியத்தில் எந்த இடத்தில் இழை நிற்கிறதோ அதற்கேற்பவே ஒளிக்கற்றையின் வடிவம் அமைகிறது. எச்-4 பல்பில் தொலைவு காட்டும் இழை குவியத்தில் நிற்கிறது. தாழ்வொளி இழை அதற்குச் சற்று முன்னே நிற்கிறது. அதன் கீழே சிறு உலோகக் குழிவு ஒன்று உண்டு. இக்குழிவு கீழ்நோக்கிய ஒளியைத் தடுத்துவிடுவதால், கிண்ணத்தின் மேற்பாதி மட்டுமே ஒளி பெறுகிறது. அது ஒளியைச் சாலையை நோக்கிக் கீழே திருப்புகிறது. எதிரே வருபவர் கண்ணுக்குக் கீழேயே ஒளியின் மேல் எல்லை அமைவது இதனால்தான். நம் நாட்டில் இடப்புறமாக வண்டி ஓட்டுவதால் அவ்வெல்லை இடது ஓரத்தில் மட்டும் சற்று உயர்ந்து, நடைபாதையில் செல்வோரையும் வழிகாட்டிக் கற்களையும் காட்டும். வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த கண்ணாடியை இங்கே பொருத்தினால் அந்த உயர்வு எதிரே வருபவரின் கண்ணில் சென்று விழும். ஹாலஜனுக்கென்று வடித்த கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகினாலும் அதே கதிதான். ஒளி தோன்றும் இடமும் வடிவமும் மாறுவதால் கற்றை சிதறி, தாழ்த்திய விளக்கும் தாழாத விளக்காகிவிடுகிறது. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்கென்று வடிவமைத்த விளக்குகள் வேறு. அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

ஆகவே தேர்வின் முதல் விதி இது: விளக்கு எந்தப் பல்புக்காகச் செய்யப்பட்டதோ அதே வகையை வாங்குக. காரின் கையேட்டிலோ, பழைய பல்பின் அடியிலோ எச்-4, எச்-7 என்று பொறித்திருக்கும். எச்-4இல் இரண்டு இழைகள், எச்-7இல் ஒன்றே. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பொருந்தச் செய்ய அடிப்பகுதியை அராவுவதோ வளைப்பதோ கூடாது.

இரண்டாவது, வாட் அளவு. எச்-4 பல்பின் முறையான அளவு 12 வோல்ட்டில் 60/55 வாட். அதே வடிவில் 100/90 வாட் பல்புகளும் கடைகளில் கிடைக்கின்றன. 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி பெருகுவதால், அது ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. ஹோல்டர் உருகுவதும், கம்பி கருகுவதும், நடு வழியில் இரு விளக்கும் ஒருங்கே அணைவதும் இதன் பயன்.

மூன்றாவது, நிறம். நீலம் பூசிய பல்பு வெண்மையாகத் தோன்றினும், அப்பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெறும் இவ்வெல்லைப் பகுதியில், நனைந்த சாலையில் இளமஞ்சள் ஒளியே கண்ணுக்கு இதமாக இருப்பதாக ஓட்டுநர் பலர் கூறுவர். நான்காவது, பல்புகளை இணையாக மாற்றுக. ஒரே நாளில் பொருத்திய இரண்டில் ஒன்று அணைந்தால் மற்றதன் ஆயுளும் முடிவை நெருங்கியிருக்கும்.

விளக்கு மங்கலாக எரிகிறது என்பதற்காகப் பல்பை மட்டும் பழிப்பதும் சரியன்று. வோல்ட்டு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்துவிடும். கடற்காற்றின் உப்பு படிந்து பச்சை பூத்த எர்த் இணைப்பே அதற்குக் காரணமாகலாம். அதனைச் சுரண்டித் துடைத்து இறுக்கினால், புதுப் பல்பு வாங்காமலேயே ஒளி மீளக்கூடும்.

பொருத்தும் முறையோ எளிது. இயந்திரத்தையும் விளக்கையும் நிறுத்தி, பல்பு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முன் மூடியைத் திறந்து, விளக்கின் பின்புறமுள்ள மூன்று முனை இணைப்பியை நேராக இழுத்துக் கழற்றுக. அடுத்து ரப்பர் உறையை உரித்து, கம்பிக் கொக்கியை அழுத்தி விடுவித்து, பழைய பல்பை எடுக்க வேண்டும். புதிய பல்பின் குவார்ட்ஸ் குமிழை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை கடும் வெப்பத்தில் குமிழைப் பழுதாக்கி அதன் ஆயுளைக் குறைத்துவிடும். உலோக அடியைப் பிடிக்க வேண்டும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தோய்ந்த சுத்தமான துணியால் துடைத்துவிடலாம். எச்-4இன் மூன்று காதுகளுள் அகலமானது மேலே வருமாறு வைத்தால் பல்பு தானே அமரும். அமரவில்லையெனில் திசை தவறு. வலிந்து அழுத்த வேண்டாம். பின்னர் கொக்கியை மாட்டி, ரப்பர் உறையைச் சுற்றிலும் படிய அழுத்த வேண்டும். அதில் இடைவெளி இருந்தால் மழைநீர் உள்ளே சென்று கிண்ணத்தின் பளபளப்பை அரித்துவிடும்.

இவ்வளவோடு பணி முடிந்ததென்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஒளியைச் சுவரில் நேராக்குவதே இறுதிப் பணி. சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் காரை நிறுத்தி, விளக்கின் நடுவுயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்க. தாழ்வொளியின் மேல் எல்லை அக்குறிக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மேலே இருந்தால் விளக்கின் பின்னுள்ள திருகாணியால் தாழ்த்தலாம். பின் இருக்கையிலும் பெட்டியிலும் ஊருக்கான சுமையை நிறைத்தால் காரின் முன்புறம் எழும்பி, ஒளியும் எழும்பும் என்பதை நெடுந்தூரம் வருவோர் மறக்கலாகாது. 

சட்டமும் இதனையே சொல்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை அது கூசச் செய்யலாகாது. அவ்வுயரம் எதிரே வரும் ஓட்டுநரின் கண் இருக்கும் உயரந்தான். அவர் எல்லைக்கு அப்பாலிருந்து வரலாம், இப்பாலிருந்தும் வரலாம். நம் மொழி பேசலாம், மலையாளமும் பேசலாம். விதி அதனைக் கேட்கவில்லை. கண்ணை மட்டுமே கேட்கிறது.

அன்று கையில் கட்டுடன் படுத்திருந்த அந்த இளைஞரைத் திருமணம் முடிந்ததும் மீண்டும் சென்று கண்டோம். அதற்குள் நம் காரில் 60/55 வாட் பல்புகள் இரண்டும் ஏறியிருந்தன. அன்றிரவு அதே சாலையில் அவருடைய ஊரைக் கடந்து சென்றோம். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் எவரும் கண்ணை மறைக்கவில்லை. முன்னோர் சூட்டைத் தாழ்த்திப் பிடித்த வழக்கம் நினைவிற்கு வந்தது. வழியைக் காண்பதற்கு நமக்கு எவ்வளவு வெளிச்சம் தேவையோ, வழியை இழவாமல் இருப்பதற்கு எதிரே வருபவருக்கு அவ்வளவு நிழல் தேவை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே சரியான பல்பு.

ஊர் திரும்பும் அன்பர்கள் புறப்படுமுன் ஒருமுறை தம் விளக்கைச் சுவரில் பார்த்துக்கொள்வார்களாக. மாற்றுப் பல்புகள் இரண்டைக் காகித உறையோடு வண்டியில் வைத்துக்கொள்வதும் நலம். பாறசாலையில் நமக்காகக் காத்திருக்கும் வீடு உண்டு. எதிரே வருபவருக்கும் ஒரு வீடு காத்திருக்கிறது.